“உன்னைப் போல வேண்டாம்” என்றால், நான் வேண்டாம் என்றா அர்த்தம்?

கேள்வி

(கடிதம் நீளமானது. சுருக்கியிருக்கிறேன். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியோ நீக்கியோ இருக்கிறேன்.)

எழுதியவருக்கு வயது 31. தணிக்கை வேலை பார்க்கிறார். பிறந்ததிலிருந்தே எலும்பு எளிதில் முறிந்துவிடும் நோய் இருக்கிறது. மருத்துவத்தில் இதன் பெயர் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா. 18 வயதுக்குள் 16 முறிவுகள். வீட்டுக்குள் நடப்பார், தூரம் போகச் சக்கர நாற்காலி. அப்பா, அம்மா, தங்கை யாருக்கும் இந்த நோய் இல்லை. கணவருக்கும் இல்லை. திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது. இப்போது குழந்தை வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

மருத்துவர் “ஐம்பது சதவீத வாய்ப்பு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். கணவர், மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவியைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, “கருவிலேயே மரபணுவைத் திருத்திவிடலாம், பரம்பரையிலிருந்தே போய்விடும்” என்கிறார். நாத்தனார், ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்) முறையில் கருவைச் சோதித்து “நல்லதை” மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். மாமியார், “நீ பட்ட பாடு போதாதா? உன்னைப் போல இன்னொரு உயிர் வரணுமா?” என்று கேட்டிருக்கிறார்.

அவருடைய கேள்விகளை அவர் சொற்களிலேயே தருகிறேன்: “என் மரபணு உள்ள கருவை ஒதுக்கச் சம்மதித்தால், நான் பிறந்திருக்கவே கூடாது என்று நானே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகாதா? சோதிக்காமல் பெற்று, அந்தக் குழந்தை நாளைக்கு ‘தெரிந்தே ஏன் பெற்றாய்’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? திருத்த முடியும் என்றால் திருத்துவதில் என்ன தவறு? இவர்கள் எல்லோரிடமும் ‘முடியாது’ என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?”

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து பக்கக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை இடது கையால் எழுதியதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஆறாம் வகுப்பில் வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தபோது பழகியது என்று. நான்காம் பக்கத்தையும் ஐந்தாம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில் ‘ழ’வின் வால் மட்டும் கொஞ்சம் நீளம். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நான் மரபணு ஆலோசகர். குடும்பங்களோடு உட்கார்ந்து இதே கேள்விகளைப் பேசுவதுதான் என் வேலை. உங்கள் கேள்விகளில் சில மருத்துவத்தைச் சேர்ந்தவை, அவற்றுக்கு நேரான பதில் இருக்கிறது. சில அப்படி இல்லை. முதலில் நேரானவற்றை முடித்துவிடுவோம். நீங்கள் சுமந்துகொண்டிருப்பதில் பாதிக்கு மேல் தவறான தகவல்.

ஐம்பது சதவீதம் என்பது எதைச் சொல்கிறது

“முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் இரண்டாவது தப்பித்துவிடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கருவும் தனிக் கணக்கு. எலும்புக்கு உறுதி தரும் கோலாஜன் புரதத்தை உருவாக்கும் மரபணுக்களில் பெரும்பாலும் ஒன்றில்தான் இந்த நோய்க்கான மாற்றம் இருக்கும். ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. உங்களிடம் ஒன்று சரியானது, ஒன்று மாறியது. எது கருமுட்டைக்குள் போகும் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவாகிறது. இரண்டு குழந்தைகளுக்கும் வரலாம், இருவருக்குமே வராமலும் போகலாம்.

மாற்றம் வந்தாலும், அந்தக் குழந்தைக்கும் 16 முறிவுகள்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே குடும்பத்தில், ஒரே மாற்றம் உள்ள தாய்க்கும் பிள்ளைக்கும் நோயின் கடுமை வேறுபடுவதைப் பார்த்திருக்கிறோம். பரிசோதனை ‘இருக்கிறதா, இல்லையா’ என்று சொல்லும். எப்படி வாழ்வார் என்று சொல்லாது.

“உங்க பரம்பரையில யாருக்கு இருந்துச்சு?” என்று உங்கள் மாமியார் உங்கள் அம்மாவைக் கேட்டதாகவும், அம்மா அன்று இரவு அழுததாகவும் எழுதியிருந்தீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்: யாருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது டி.என்.ஏ. பிரதியெடுக்கப்படுகிறது. அதில் எங்கோ ஓர் எழுத்து மாறுகிறது. பெற்றோர் இருவருக்கும் நோய் இல்லாதபோது, பெரும்பாலும் இப்படிப் புதிதாக வந்த மாற்றம்தான் காரணம். யாரும் செய்த எதனாலும் வந்ததில்லை. கர்ப்ப காலத்தில் எதைச் செய்யாமல் விட்டார் என்று அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால், அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இதிலிருந்தே உங்கள் கணவரின் ‘பரம்பரையிலிருந்தே போய்விடும்’ என்ற எண்ணத்துக்கும் பாதிப் பதில் கிடைக்கிறது. உங்கள் வழியில் இது அடுத்த தலைமுறைக்குப் போகாமல் தடுக்கலாம். ஆனால் நோயை உலகத்திலிருந்து துடைத்தெடுக்க முடியாது. குட்டையான உடலமைப்பைத் தரும் அகாண்ட்ரோபிளாசியா உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் சராசரி உயரமுள்ள பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். உலகில் குறிப்பிடத்தக்க உடல்குறைபாட்டோடு வாழ்பவர்கள் 130 கோடி பேர், ஆறில் ஒருவர், என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் மிகப் பெரும்பங்கு விபத்து, நோய், முதுமையால் வந்தது. மரபணுவைத் திருத்தினால் ஊனமே இல்லாத உலகம் வந்துவிடும் என்று பேசுபவர்கள் தங்களுக்கு எண்பது வயது ஆகப்போவதை மறந்துவிடுகிறார்கள்.

திருத்தம்: உங்கள் கணவர் படிக்க வேண்டிய பகுதி

மரபணுத் திருத்தம் என்று செய்திகளில் வருவது இரண்டு வெவ்வேறு வேலைகள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பம்.

ஒன்று, ஏற்கெனவே பிறந்து வாழும் ஒருவரின் உடலில் செய்வது. இது நிஜமாகவே வந்துவிட்டது. கிரிஸ்பர் என்ற கருவி 2012-இல் விவரிக்கப்பட்டது. அதற்காக எம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் 2020-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அரிவாளணு ரத்தசோகைக்கு காஸ்ஜெவி என்ற சிகிச்சையை அங்கீகரித்தன. தலசீமியா என்ற ரத்த நோய்க்கும் இதே சிகிச்சை உண்டு. நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, பழைய மஜ்ஜையைக் கடுமையான கீமோ மருந்தால் காலிசெய்து, திரும்பச் செலுத்துகிறார்கள். எளிதான சிகிச்சை இல்லை, ஆனால் பலன் தருகிறது. 2025-இல் பிலடெல்பியாவில், கல்லீரல் நொதி ஒன்று குறைந்து பிறந்த ஒரு கைக்குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தைக்காகவே வடிவமைத்த திருத்தத்தைச் செலுத்தினார்கள். இந்த வகைத் திருத்தத்தில் சம்மதித்தவர் இருக்கிறார் (குழந்தை என்றால் பெற்றோர்), பலனும் ஆபத்தும் அவரோடு முடிகிறது, பிள்ளைகளுக்குப் போவதில்லை. இதில் அறம் சார்ந்த சண்டை அவ்வளவாக இல்லை. விலையும் யாருக்குக் கிடைக்கும் என்பதும்தான் சண்டை. உங்கள் நோய்க்கு இப்படி ஓர் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இன்று இல்லை. ரத்த செல்லை வெளியே எடுக்கலாம். எலும்பு உடல் முழுக்க இருக்கிறது.

இரண்டாவது, கருவில் செய்வது. உங்கள் கணவர் சொல்வது இதைத்தான். 2018 நவம்பரில் சீனாவைச் சேர்ந்த விஞ்ஞானி ஹே ஜியான்குவி, கருவில் திருத்தப்பட்ட இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். பின்னர் மூன்றாவதாக ஒரு குழந்தையும் பிறந்தது தெரியவந்தது. தந்தைக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. குழந்தைக்கு அது வராமல் தடுக்கத்தான் திருத்தம் என்றார். ஆனால் விந்தணுவைச் சுத்திகரித்தே அந்தத் தொற்றைத் தடுக்கும் வழி ஏற்கெனவே இருந்தது. அவர் செய்த மாற்றமும் இயற்கையில் சிலருக்குப் பாதுகாப்பு தரும் அதே மாற்றமாக அமையவில்லை. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தேவையே இல்லாத ஒன்றுக்காக மூன்று குழந்தைகள் வாழ்நாள் முழுவதற்கும் பரிசோதனைப் பொருளானார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தண்டனை குறைவு.

கருவில் வெட்டும்போது என்ன ஆகிறது என்பதும் தெரியும். மரபுவழிப் பார்வைக் குறைபாடு ஒன்றுக்கான மரபணுவை மனிதக் கருவில் கிரிஸ்பரால் வெட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. பல செல்களில் வெட்டுப்பட்ட இடம் சரியாக ஒட்டவில்லை. அந்த மரபணு இருக்கும் குரோமோசோமின் (மரபணுக்கள் வரிசையாக அமைந்த இழை) பெரும்பகுதியோ, முழுக் குரோமோசோமோ காணாமல் போயிருந்தது. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தப் போய் அத்தியாயத்தையே கிழித்த கதை. திருத்திய கருவைக் கருப்பையில் வைப்பதை எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்திருக்கின்றன.

சரி, நாளைக்கே எல்லாம் பாதுகாப்பாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் விஷயத்தில் திருத்தத்துக்கு வேலை இல்லை! உங்கள் கருக்களில் சுமார் பாதியில் அந்த மாற்றமே இருக்காது. திருத்துவதற்கும் ஐ.வி.எஃப். செய்து, கருக்களை உருவாக்கி, சோதித்துத்தான் ஆக வேண்டும். சோதித்தபின், மாற்றம் இல்லாத கரு கையில் இருக்கும்போது மாற்றம் உள்ளதை எடுத்து யாராவது வெட்டுவார்களா? ஆக, உங்கள் கணவரின் யோசனை உண்மையில் நாத்தனாரின் யோசனைதான். கேள்வி ஒன்றுதான் மிச்சம்: சோதித்துத் தேர்ந்தெடுப்பதா, வேண்டாமா?

கையெழுத்து

இங்கேதான் உங்கள் கடிதத்தில் பேனா அழுத்தமாக இறங்கியிருக்கிறது. “நான் பிறந்திருக்கக் கூடாது என்று நானே கையெழுத்துப் போட்டது மாதிரி.”

நீங்கள் தணிக்கையாளர். ஒரு பேரேட்டில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் வராத ஒருவருக்கு எந்த வலியைத் தவிர்க்கப் பார்க்கலாம் என்பது ஒரு பேரேடு. இருக்கிற ஒருவருக்கு எவ்வளவு மதிப்பு என்பது இன்னொன்று. குழந்தையின் மூளையோ முதுகுத்தண்டோ சரியாக உருவாகாத நரம்புக்குழாய்க் குறைபாடு வராமலிருக்கக் கர்ப்பிணிகள் ஃபோலிக் அமிலம் சாப்பிடுகிறார்கள். அந்தக் குறைபாட்டோடு வாழ்பவர்களை அது அவமதிப்பதாக யாரும் நினைப்பதில்லை.

ஆனால் இந்த உதாரணத்தை நீங்கள் உடனே மடக்குவீர்கள். ஃபோலிக் அமிலம் அதே குழந்தைக்கு உதவுகிறது. கருத்தேர்வு வேறொரு குழந்தையைக் கொண்டுவருகிறது. உண்மை. மாற்றுத்திறனாளி சிந்தனையாளர்களின் எதிர்ப்பும் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க உயிரறநெறி அறிஞர் அட்ரியன் ஆஷ் பார்வையற்றவர். அவருடைய வாதத்தின் சாரம் இது: இப்படிச் சோதிக்கும்போது ஒரே ஒரு பண்பு முழு மனிதருக்கும் பதிலாக வந்து நின்றுவிடுகிறது. அந்தக் குழந்தை பாடுமா, சண்டை போடுமா, யாரைக் காதலிக்கும் என்ற எதுவும் நமக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றை வைத்து மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறோம். மறுபக்கம் ஜூலியன் சவுலெஸ்கு என்ற தத்துவவாதி 2001-இல், சிறந்த வாழ்வு அமையக்கூடிய குழந்தையைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் கடமை என்றே எழுதினார். கடமை என்ற அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. எது சிறந்த வாழ்வு என்று முன்கூட்டித் தெரிந்தவர் போல அவர் பேசுகிறார்.

ஆஷ் சொன்னதில் உள்ள உண்மையை நான் என் தவறிலிருந்துதான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்களுடைய அதே நோய்க்காக வந்த ஒரு தம்பதியிடம் முறிவுகள், அறுவைசிகிச்சைகள், காது கேளாமை, வளைந்த முதுகு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அவர்களோடு வந்திருந்த உறவினர் ஒருவருக்கும் அதே நோய். நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “நீங்க சொன்ன லிஸ்ட்டுல நான் எங்க மேடம் இருக்கேன்?” என்று கேட்டார். நான் சொன்ன ஒவ்வொரு தகவலும் சரி. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்த மனிதர் அதில் இல்லை. அன்றிலிருந்து, முடிவெடுக்கும் முன்பு அந்த நோயோடு வாழும் இரண்டு பேரையாவது சந்தித்துப் பேசுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். உங்களுக்கு அது தேவையில்லை. உங்கள் கணவருக்கும் நாத்தனாருக்கும் தேவைப்படலாம், நான்கு வருடமாக உங்களோடு பழகியும்.

அதனால் நான் நினைப்பது இதுதான். சோதனை தன்னளவில் உங்களை அவமதிப்பதில்லை. “உன்னைப் போல” என்று பேச்சில் வரும் அந்த இரண்டு சொற்கள் அவமதிக்கின்றன. “என் குழந்தைக்குத் தொடை எலும்பு முறியும் வலி வேண்டாம்” என்று நீங்கள் முடிவெடுத்தால், உங்களைவிட அந்த வலியைத் தெரிந்து பேசுகிறவர் யாருமில்லை. முறிவதற்கு ஒரு நொடி முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த நொடியை இன்னொருவருக்கு வேண்டாம் என்று நினைப்பது உங்கள் வாழ்க்கையை நீங்களே மறுப்பதாக ஆகாது. அதேபோல, “சோதிக்க வேண்டாம், யார் வந்தாலும் வரட்டும்” என்று முடிவெடுத்தால் அதுவும் பொறுப்பின்மை ஆகாது.

அப்புறம் அந்த ‘பாடு’. கடிதத்தில் நீங்கள் சொன்ன கஷ்டங்களைப் பென்சிலால் இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். வலி, அறுவைசிகிச்சை, படுக்கையில் கிடந்த மாதங்கள் ஒரு பக்கம். எட்டாம் வகுப்பு மாடியில் இருந்ததால் ஒரு வருடம் பள்ளிக்குப் போக முடியாதது, வேலைக்கான நேர்காணலில் “விடுப்பு எவ்வளவு எடுப்பீர்கள்” என்று கேட்டது, மருத்துவமனையில் உங்களை விட்டுவிட்டுக் கணவரிடமே பேசியது இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கம்தான் நீளம். அந்த ஒரு வருடத்தைப் பறித்தது படிக்கட்டு. எந்த மரபணுத் திருத்தமும் படிக்கட்டைச் சரிசெய்யாது. 1999-இல் வெளியான பரவலாகப் பேசப்படும் ஓர் ஆய்வில், தீவிரமான உடல்குறைபாடு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கைத்தரம் நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் போடும் கணக்கு வேறாக இருந்தது. உங்கள் மாமியாரின் கணக்கும் வெளியிலிருந்து போட்டதுதான். அதற்காக உங்கள் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நிஜம். ஆனால் முதல் பக்கத்துக்கு மட்டும்தான் கருச்சோதனையில் பதில் இருக்கிறது.

“தெரிந்தே ஏன் பெற்றாய்?”

டெரெக் பார்ஃபிட் என்ற தத்துவஞானி இந்தக் கேள்வியை வைத்து நம் எல்லோரையும் மடக்கியிருக்கிறார். நீங்கள் வேறு கருவைத் தேர்ந்தெடுத்திருந்தால், இப்படிக் கேட்கும் அந்தப் பிள்ளை நோயில்லாமல் பிறந்திருக்காது. பிறந்தே இருக்காது. அதன் இடத்தில் வேறொரு பிள்ளை இருந்திருக்கும். அப்படியென்றால் இந்தப் பிள்ளைக்கு நீங்கள் தீங்கு செய்ததாக எப்படிச் சொல்வது? தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் பதினான்கு வயதில் காலில் கட்டோடு கோபமாகப் படுத்திருக்கும் பிள்ளையிடம் பார்ஃபிட் எடுபட மாட்டார்.

அந்த வயதில் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள். நோயே இல்லாத பிள்ளைகளும் கேட்கிறார்கள். நீங்களும் உங்கள் அம்மாவிடம் ஒருமுறை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா பதில் சொல்லவில்லை, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார் என்று. பல வருடம் கழித்து அதே அம்மாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த நோயுள்ள கைக்குழந்தைக்கு டயப்பர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். அக்குளில் பிடித்துத் தூக்கக் கூடாது. பல பெற்றோர் இதை ஒரு முறிவுக்குப் பிறகுதான் கற்கிறார்கள். நீங்கள் முதல் நாளே தெரிந்து வைத்திருப்பீர்கள். உங்கள் பெற்றோர் காலத்தில் பரவலாக இல்லாத பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் இன்று குழந்தைகளுக்கும் கொடுக்கப்படுகின்றன. அவை எலும்பின் அடர்த்தியைக் கூட்டுகின்றன.

யார் முடிவு செய்வது

ஃபிரான்சிஸ் கால்டன் 1883-இல் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார். நல்ல வித்தைப் பெருக்குவது என்பது அதன் உட்பொருள். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘தகுதியற்றவர்’ என்று கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்றது. 1933-இல் ஜெர்மனி அதற்குத் தனிச் சட்டமே போட்டது. 1939-க்குப் பின் அங்கே மாற்றுத்திறனாளிகளை நச்சுவாயுவில் கொல்லத் தொடங்கினார்கள். 1941-க்குள் 70,000-க்கும் மேற்பட்டோர். இவற்றுக்கு ‘பாடு வேண்டாம்’ என்ற இரக்கப் பேச்சும் துணைக்கு வந்தது.

உங்கள் மாமியாரை இந்த வரிசையில் நிறுத்தவில்லை. அவர் பயத்தில் பேசுகிறார். ஆனால் அந்த வரலாறு ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. பெற்றெடுக்கப்போகிறவரின் கையிலிருந்து முடிவு நழுவி, அரசு, மருத்துவர், குடும்பம் என்று வேறொருவர் கைக்குப் போகும்போதுதான் விபரீதம் ஆரம்பிக்கிறது. இன்று யாரும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. சோதனை இருக்கிறது என்று ஆனாலே போதும். செய்துகொள்ளாதவளைப் பார்த்து “தெரிஞ்சும் பெத்தாளே” என்று பேசுவார்கள். எனக்குக் கவலை அந்தப் பேச்சைப் பற்றித்தான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, ஆம், உரிமை உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. எத்தனை குழந்தை, எப்போது என்று சுதந்திரமாக முடிவெடுக்கும் உரிமையை அதன் 23-ஆம் பிரிவு சொல்கிறது. மரபணுப் பண்புகள் எப்படி இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் மாண்பு உண்டு என்கிறது மனித மரபணுத் தொகுதி பற்றிய யுனெஸ்கோவின் 1997 பிரகடனம். பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையையும் அதே பிரகடனம் குறிப்பிடுகிறது. நடைமுறையில் இதன் பொருள்: உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் உங்களைச் சோதிக்கக் கூடாது, உங்கள் அறிக்கையை நீங்கள் சொல்லாமல் ஆலோசகர் உங்கள் மாமியாரிடம் காட்டக் கூடாது. ஒரு எச்சரிக்கை. கருச்சோதனைக்கான சட்டமும், காப்பீட்டு நிறுவனம் மரபணு அறிக்கையைக் கேட்கலாமா என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. சோதனைக்குக் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவருக்கும் இதில் குரல் உண்டு, அவரும் தகப்பன் ஆகப்போகிறவர். ஆனால் கருமுட்டையை எடுக்க ஊசி போடுவதும் வயிற்றில் சுமப்பதும் உங்கள் உடம்பு. இறுதிச் சொல் உங்களுடையது.

யாரும் கேட்காத ஒன்று

ஐந்து பக்கத்தில் எல்லோரும் குழந்தையின் எலும்பைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் எலும்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நீங்கள் உட்பட. முதுகு வளைந்திருப்பதாக ஒரு வரி மட்டும் வருகிறது. கர்ப்பத்துக்கு முன் நுரையீரல் எவ்வளவு இயங்குகிறது, இடுப்பெலும்பு எப்படி இருக்கிறது, மயக்க மருந்து எப்படித் தர முடியும் என்று பார்த்தாக வேண்டும். நீங்கள் பிஸ்பாஸ்போனேட் எடுத்திருந்தால் அது எலும்பில் நீண்ட காலம் தங்கும், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மரபணுப் பேச்சுக்கு முன்னால் இந்தச் சந்திப்பு நடக்கட்டும்.

அதோடு சேர்த்து, உங்களிடம் உள்ள மாற்றம் சரியாக எது என்று ரத்தப் பரிசோதனையில் கண்டறியுங்கள். அது தெரியாமல் எந்தக் கருவையும் சோதிக்க முடியாது. அதற்குப் பிறகு வழிகள் இவை. இயல்பாகக் கருத்தரித்து, எதையும் சோதிக்காமல் பெறலாம். கருத்தரித்தபின் பதினோராம் வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவையோ, பதினைந்தாம் வாரத்துக்கு மேல் பனிக்குட நீரையோ சோதிக்கலாம். கருவைக் கலைக்கத்தான் இந்தச் சோதனை என்று நினைக்காதீர்கள், பிரசவத்தைத் திட்டமிடவும் பலர் செய்கிறார்கள். சிறிய அளவில் கருச்சிதைவு ஆபத்து உண்டு. ஐ.வி.எஃப். செய்து, ஐந்தாறு நாள் வளர்ந்த கருவிலிருந்து சில செல்களை எடுத்துச் சோதிக்கலாம். ஹார்மோன் ஊசி, செலவு, காத்திருப்பு எல்லாம் உண்டு, முதல் சுற்றிலேயே குழந்தை என்று யாரும் உறுதி தர முடியாது, சோதனையும் நூறு சதவீதம் இல்லை. கருமுட்டைக் கொடையும் தத்தெடுப்பும் இருக்கின்றன. நாத்தனார் சொன்ன வழி தவறானது இல்லை. அவர் சொன்ன அளவுக்கு எளிதும் இல்லை.

கணவரிடம் கிரிஸ்பரை வைத்து வாதிடாதீர்கள். போன வருடம் உங்கள் மணிக்கட்டு முறிந்தபோது, எக்ஸ்ரே அறைக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் திருத்தம், திருத்தம் என்பது அந்தச் சுவரைப் பார்த்து நின்ற மனிதரின் பேச்சாகத்தான் எனக்குக் கேட்கிறது. “என்னை மாதிரி ஒரு குழந்தை வந்தா, உங்களுக்கு எதை நினைச்சுப் பயம்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

மாமியாருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்திலேயே அது இருக்கிறது, நான் கொஞ்சம் சுருக்குகிறேன்: “அத்தை, நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதுல எலும்பால வந்தது எவ்வளவு, மனுஷங்களால வந்தது எவ்வளவுன்னும் தெரியும். என்ன முடிவு எடுத்தாலும் நாங்க ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் எடுப்போம். ஆனா ‘உன்னைப் போல’ன்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க.”

அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.